ஆயில் கூலரைக் கழற்றிய புதன்கிழமை

1. கவுண்டரிலிருந்து

நான் முதன்முதலாக ஸ்பானர் பிடித்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. முதல் வேலையே ஒரு ரேஸ் பைக்கின் ஆயில் கூலரைக் கழற்றுவது. மற்றவர்கள் பங்க்சர் ஒட்டி, செயின் டைட் வைத்து, பிரேக் ஷூ மாற்றிப் பழகி, அப்புறம்தான் இஞ்சின் பக்கம் போவார்கள். எனக்கு அந்த வரிசை வாய்க்கவில்லை.

என் பெயர் லூர்து மேரி. திண்டிவனத்தில் செஞ்சி ரோடு பிரியும் இடத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஒர்க்ஷாப் இருக்கிறது. வேலை கற்றுக்கொள்ள வருகிற பெண்கள் இப்போது ஒன்றிரண்டு பேர் உண்டு. வந்த முதல் வாரத்திலேயே, "எப்படிக்கா இந்த வேலைக்கு வந்தீங்க?" என்று கேட்டுவிடுவார்கள். ஒவ்வொருவருக்கும் பாதிப் பாதியாகச் சொல்லியிருக்கிறேன். முழுதாக எழுதி வைத்துவிடலாம் என்று இதை எழுதுகிறேன்.

அதற்கு முன்னால் பதினாறு வருஷம் நான் விழுப்புரத்தில் ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் கவுண்டரில் நின்றவள். கேஸ்கெட், ஆயில் சீல், வாஷர் என்று எதைக் கேட்டாலும் பார்ட் நம்பரோடு சொல்வேன், ஏணி போட்டு ஏறி எடுத்தும் கொடுப்பேன். ஆனால் அந்த வாஷர் வண்டியில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டால் தெரியாது.

என் கணவர் சவரிமுத்துவை அந்தக் கவுண்டரில்தான் பார்த்தேன். சென்னைக்கு மேற்கே இருக்கும் ரேஸ் ட்ராக்கில் ஒரு டீமுக்கு மெக்கானிக்காக இருந்தார். மற்ற மெக்கானிக்குகள், "அந்த ரவுண்டா இருக்குமே, அது ரெண்டு குடும்மா" என்பார்கள். இவர் மட்டும் ஒரு சீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டு வருவார். அச்சடித்த மாதிரி கையெழுத்து. அந்தக் கையெழுத்துத்தான் எனக்கு முதலில் பிடித்தது.

கல்யாணத்துக்குப் பிறகு டீமை விட்டுவிட்டுத் திண்டிவனத்தில் சொந்தமாகக் கடை போட்டார். தினசரி வருவதெல்லாம் சாதாரண வண்டிகள்தான். பௌர்ணமி அன்றைக்குத் திருவக்கரைக் கோயிலுக்கு வருகிறவர்களின் ஸ்கூட்டர்கள் வழியில் நின்றுபோய் நாலைந்து வந்து சேரும். இவற்றுக்கு நடுவே ஒரு மூலையில் எப்போதும் ஒரு ரேஸ் வண்டி துணி போர்த்திக்கொண்டு நிற்கும். அதை மட்டும் அவர் வேறு யாரையும் தொட விடமாட்டார்.

2. கை

செயினைத் துடைக்கும்போது இஞ்சின் ஓடக் கூடாது. இதை ஆயிரம் பேருக்குச் சொல்லிக்கொடுத்தவர் சவரி. ஒரு திங்கட்கிழமை காலை, அவசரத்தில், ஸ்டாண்டில் நிறுத்திக் கியரில் ஓடவிட்டிருந்த வண்டியின் செயினை அவரே துணியால் துடைத்தார். துணியைச் செயின் இழுத்தது. துணியோடு கையையும் இழுத்தது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் பாதிக்கு மேல் போய்விட்டன.

முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் கையைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். கையில் போட்டிருந்த கட்டைப் பார்த்தால் பாக்ஸிங் கிளவ் மாதிரி இருக்கும். நான் கடையில் லீவு சொல்லிவிட்டு அவரோடு இருந்தேன்.

வீட்டுக்கு வந்த மறுநாளே காலை ஒன்பது மணிக்கு, "கடையைத் தொறக்கணும்" என்றார்.

"தொறந்து இன்னா பண்ணப் போறீங்க?"

"ஒக்காந்துக்கினு இருப்பேன்."

அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். ஷட்டரை நான் தூக்கிவிடுவேன். ஸ்டூலில் உட்கார்ந்து ரோட்டைப் பார்ப்பார். வருகிறவர்களுக்கு வாயாலேயே வைத்தியம் சொல்லி வேறு கடைக்கு அனுப்புவார். சோற்றை இடது கையில் ஸ்பூனால் சாப்பிடுவார். பாதி கீழே சிந்தும். ஊட்டிவிடட்டுமா என்றால் முறைப்பார். மூன்று வாரம் இப்படியே போயிற்று.

3. ஒரு சொட்டு

நான்காவது வாரம் புதன்கிழமை காலை ஒரு வாடகை மினி வேன் வந்து நின்றது. பின்னால் ரேஸ் வண்டி. இறங்கி வந்தவர் தினகரன். நாங்கள் தினா என்போம்.

தினா விழுப்புரத்துக்காரர். ஆம்புலன்ஸ் ஓட்டுகிறார். முப்பது வயதைத் தாண்டிவிட்டார், ரேஸில் அது கொஞ்சம் கூடுதல் வயதுதான். ஹைவேயில் நாள் முழுக்க அடிபட்டவர்களைத் தூக்குகிறவர் எதற்காக ரேஸ் ஓட்டுகிறார் என்று நான் ஒருமுறை கேட்டிருக்கிறேன். "அண்ணி, ட்ராக்ல எதுருல வண்டி வராது. குறுக்க ஆடு, மாடு, கொழந்த வராது. வேகமாப் போறதுக்குன்னே இருக்குற ஒரே எடம் அதான்" என்றார். எனக்கு அது நியாயமாகப் பட்டது.

அவருடைய வண்டி இருநூறு சிசி, ஒற்றை சிலிண்டர், ஆயில் கூல்டு. இஞ்சினுக்கு முன்னால் ஒரு சின்ன ரேடியேட்டர் மாதிரி இருக்கும், அதுதான் ஆயில் கூலர். இஞ்சினில் சூடான எண்ணெய் ஒரு ஹோஸ் வழியாக அதற்குள் போய், காற்றில் ஆறி, இன்னொரு ஹோஸ் வழியாகத் திரும்பி வரும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த வண்டியின் கனெக்டிங் ராடு பேரிங் உடைந்து, சவரி முழு இஞ்சினையும் பிரித்துப் புதிதாகக் கட்டிக் கொடுத்திருந்தார். அதற்குப் பிறகு தினா இரண்டு நாள் ப்ராக்டிஸ் போய்விட்டு வந்திருந்தார். ஒரு குறையும் சொல்லவில்லை.

"அண்ணா, சனிக்கெழம ரேஸ். வெள்ளிக்கெழம காலைல வண்டி செக்கிங்ல நிக்கணும். அடி ட்ரேல ஒரு சொட்டு ஆயில் நிக்குது. தொடைச்சாலும் மறுபடி நிக்குது. இத்தப் பாத்தா உள்ளயே வுடமாட்டாங்க."

அது சரியான சட்டம்தான். ஒரு வண்டி ட்ராக்கில் எண்ணெய் சிந்தினால் பின்னால் வரும் பத்து வண்டி சறுக்கும்.

சவரி ஸ்டூலிலிருந்து எழுந்து குனிந்து பார்த்தார். "கூலர் கழுத்தாண்ட கசியுது. காப்பர் வாஷர் போயிருக்கலாம். கழுத்துல வெடிப்பும் இருக்கலாம். கழட்டிப் பாக்காம சொல்ல முடியாது." பிறகு கட்டுப் போட்ட கையைத் தூக்கிக் காட்டினார். "நான் இன்னா பண்ணுவேன் தினா? மெட்ராஸ்க்கு எத்துக்கினு போ."

"மூணு பேரக் கேட்டுட்டேன்ணா. ரேஸ் வாரத்துல எவனும் கைல எடுக்கமாட்டேன்றான். நீங்க சொல்லுங்க, நானே கழட்டுறேன்."

தினாவின் கண் சிவந்திருந்தது. இரவெல்லாம் டூட்டி பார்த்துவிட்டு நேராக வந்திருக்கிறார். அந்தக் கையில் ஸ்பானரைக் கொடுத்தால் எதை உடைப்பாரோ தெரியாது.

"நான் கழட்டுறேன்" என்றேன்.

இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். ஏன் சொன்னேன் என்று இன்றைக்கும் சரியாகத் தெரியவில்லை. மூன்று வாரமாக அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்ததை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது போதும் என்று தோன்றியிருக்கலாம்.

"நீங்க வாயால சொல்லுங்க. சொல்றத அப்டியே செய்றேன்."

சவரி சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் என் கையைப் பார்த்தார்.

"மோதிரத்தக் கழட்டி வெய்" என்றார்.

தினா வண்டியை இறக்கி வைத்து வேனை அனுப்பிவிட்டு, உள்ளே இருந்த பெஞ்சில் சாய்ந்தார். இரண்டு நிமிஷத்தில் தூங்கிப்போனார்.

4. கழற்றுதல்

வேலையை அவர் சொன்ன வரிசையிலேயே எழுதுகிறேன். இன்றைக்கும் நான் இப்படித்தான் செய்கிறேன்.

முதலில் வண்டி ஆறியிருக்கிறதா என்று புறங்கையை வைத்துப் பார்க்கச் சொன்னார். அடுத்து ஃபேரிங், வண்டியை மூடியிருக்கும் வெளிக்கூடு. ரேஸ் வண்டியில் அதற்கு போல்ட் கிடையாது, கால் திருப்பு திருப்பினால் கழன்றுவிடும் கிளிப்தான். இஞ்சினுக்குக் கீழே சொட்டுவதைப் பிடிக்கும் அடி ட்ரேயைக் கழற்றி, சாய்க்காமல் கிடைமட்டமாக எடுத்தேன், உள்ளே எண்ணெய் நின்றது. எண்ணெயை வடிக்கும் ட்ரெயின் போல்ட் அதிர்வில் கழன்றுவிடாமல் மெல்லிய கம்பியால் கட்டியிருந்தது. அந்தக் கம்பியை வெட்டி ஒவ்வொரு துண்டையும் எண்ணி எடுத்து வைக்கச் சொன்னார். ஒரு துண்டு எங்கேயாவது விழுந்து கிடந்தால் அதுவே ஒரு நாள் வேலை கொடுக்குமாம். பிறகு இஞ்சின் எண்ணெயை வடித்தேன்.

"இப்ப ஹோஸ் மாட்டியிருக்குற எடத்தச் சுத்தித் தொடை. நல்லாத் தொடை. தொறந்தப்புறம் தொடைக்கிறவன் அழுக்க உள்ள தள்றான்னு அர்த்தம்."

துடைத்தேன். பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து மேல் ஹோஸின் போல்ட்டில் மாட்டினேன். அதன் பெயர் பேஞ்சோ போல்ட், நடுவில் ஓட்டை உள்ள போல்ட், எண்ணெய் அதன் வழியாகவே போகும். அதன் இரண்டு பக்கமும் வருகிற காப்பர் வாஷரை எத்தனை ஆயிரம் பேருக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்! இன்றைக்குத்தான் அது உட்காரும் இடத்தைப் பார்க்கிறேன். அழுத்தினேன்.

"நிறுத்து!"

கை அப்படியே நின்றது.

"கூலர் அலுமினியம். கழுத்து முட்டையோடு மாதிரி. ஒரே ஸ்பானர வெச்சித் திருப்புனா போல்ட்டோட கழுத்தும் திருவிக்கும். இன்னொரு ஸ்பானர எடுத்து கழுத்துல இருக்குற சதுரத்தப் புடிச்சிக்க. அந்தக் கை அசையவே கூடாது. இந்தக் கை மட்டும் வேல செய்யணும்."

இரண்டு ஸ்பானர் பிடித்தேன். இடது கை அசையாமல் பிடித்துக்கொள்ள, வலது கை திருப்பியது. "டக்" என்று ஒரு சின்னச் சத்தம். போல்ட் இளகியது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, போல்ட்டைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆங். அவ்ளோதான்" என்றார்.

ஹோஸ் வாய்களைச் சுத்தமான பிளாஸ்டிக் கவரால் கட்டினேன். மேலே ரப்பர் புஷ்ஷோடு இரண்டு போல்ட், கீழே ஒரு முளை. போல்ட்டுகளைக் கழற்றி, கூலரை மேலே தூக்கி, முன்பக்கமாக எடுத்தேன். உள்ளங்கை இரண்டும் சேர்ந்த அளவுதான் இருந்தது. ஒரு குழந்தையை வாங்குகிற மாதிரி சவரி இடது கையை நீட்டி அதன் அடியில் கொடுத்தார். கழுத்தில் வெடிப்பு இல்லை. வாஷர்தான் நசுங்கியிருந்தது. அரை மணி நேர வேலை. மாற்றி மாட்டினால் தினா வெள்ளிக்கிழமை ட்ராக்கில் இருப்பார்.

"உள்ள இருக்குற ஆயில வெள்ளத் தட்டுல ஊத்து. பாத்துட்டு மாட்டிடலாம்."

5. தட்டில் பார்த்தது

ஊற்றினேன். தட்டைக் கடைக்கு வெளியே வெயிலில் கொண்டுபோய் வைத்தேன். எண்ணெய்க்குள் ஏதோ மின்னியது. விரலால் தொட்டுத் தேய்த்துப் பார்த்தேன். ஜிகினாத் தூள் மாதிரி விரலில் ஒட்டியது.

"ஏங்க, இங்க வாங்க."

வந்து குனிந்து பார்த்தவர் நிமிரவே இல்லை.

பழைய பேரிங் உடைந்தபோது அதன் இரும்புத் தூள் எண்ணெயோடு கலந்து ஓடியிருக்கிறது. ஃபில்டர் கொஞ்சத்தைப் பிடிக்கும். அது அடைத்துக்கொண்டால் எண்ணெய் ஃபில்டரைச் சுற்றிப் போகும் பைபாஸ் வழியாக அப்படியே கூலருக்குப் போகும். கூலரில் தங்கிய தூள் அங்கேயே இருந்தால் பரவாயில்லை. ஆனால் இந்த வண்டியில் கூலரிலிருந்து திரும்பும் எண்ணெய் நேராக இஞ்சின் ஹெட்டுக்குப் போகிறது. வால்வுகளைத் திறந்து மூடும் கேம்ஷாஃப்ட் சுற்றுகிற இடத்துக்கு. அங்கே பிடித்துக்கொண்டால் இஞ்சின் ஓடுகிற ஓட்டத்தில் இறுகிவிடும். பின் சக்கரம் பூட்டிக்கொள்ளும். அந்த வேகத்தில் ஓட்டுகிறவர் எங்கே போய் விழுவார் என்று சொல்ல முடியாது.

எனக்கு இன்னொன்றும் தெரியும். இரண்டு மாதத்துக்கு முன்னால் அந்த இஞ்சினுக்கான பார்ட்ஸ் சீட்டை அவர் என் கடைக்குத்தான் அனுப்பினார். எல்லாம் எடுத்துக் கட்டிவிட்டு நான் போன் பண்ணிக் கேட்டேன், "கூலர் எழுதலையே?" பேரிங் உடைந்த இஞ்சினுக்குக் கூலரும் சேர்த்து வாங்கிப் போகிறவர்களைக் கவுண்டரில் பார்த்திருக்கிறேன். அவர் சொன்னார், "கழுவிக்கலாம் லூர்து. அது வர நாலு நாளாவும். தினா ப்ராக்டிஸுக்குப் போவணும்னு ஜல்தி பண்றான்."

அந்தப் பேச்சு இருவருக்கும் நினைவுக்கு வந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

அவர் பெஞ்சைப் பார்த்தார். தினா வாயைத் திறந்துகொண்டு தூங்கினார். ஷூவைக்கூடக் கழற்றவில்லை.

"கழுவி மாட்டிடு" என்றார்.

நான் பெட்ரோல் ஊற்றிக் கழுவினேன். முதல் தரம் தூள் நிறைய வந்தது. இரண்டாம் தரம் கொஞ்சம். மூன்றாம் தரம் பெட்ரோல் தெளிவாக வந்தது.

"பாத்தியா? போதும்."

கூலரைத் தலைகீழாகப் பிடித்து, ரப்பர் சுத்தியலால் பக்கவாட்டில் மெதுவாகத் தட்டி, இன்னொரு தரம் ஊற்றினேன். மறுபடியும் மின்னியது.

அவர் ஸ்டூலில் போய் உட்கார்ந்து சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். அவர் தோளைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. மூன்று வாரமாகக் கையில்லை. மிச்சமிருப்பது பெயர் ஒன்றுதான். அதுவும் போகப் போகிறது என்றால் யாருக்குத்தான் பயம் வராது? ஆனால் பெஞ்சில் படுத்திருந்தவர் சனிக்கிழமை இதே கூலரை நம்பித்தான் முழு த்ராட்டில் முறுக்கப் போகிறார்.

பக்கத்தில் போய் நின்றேன். "ஏங்க, எழுப்பட்டுமா?"

ரோட்டில் இரண்டு பஸ் போனது.

"நீ எழுப்பாத. நானே எழுப்புறேன்."

எழுந்து போய், இடது கையால் தினாவின் தோளைத் தொட்டார்.

6. தப்பு என்னுது

தினா தட்டைப் பார்த்தார். சவரி எல்லாவற்றையும் சொன்னார். எதையும் மறைக்கவில்லை.

"கூலர மாத்தணும்னு ஒங்களுக்குத் தெரியாதாண்ணா?"

"தெரியும்."

"தெரிஞ்சே மாட்டுனீங்களா?"

"கழுவுனா போதும்னு நெனச்சேன். ஒனக்கு லேட்டாவுதுன்னு அவசரப்பட்டேன். அதெல்லாம் ஒரு காரணமே இல்ல. தப்பு என்னுது."

"நான் ரெண்டு நாளு இதுல முழு த்ராட்டில்ல போயிருக்கேன்ணா."

"தெரியும் தினா."

"இப்பக் கூலர் மட்டும் மாத்துனா?"

"முடியாது. ஹெட்டத் தொறந்து பாக்கணும். சனிக்கெழமைக்கு ஆவாது. இந்த வண்டிய இப்பிடியே யாரும் ஸ்டார்ட் பண்ணக் கூடாது."

தினா எழுந்தார். ஹெல்மெட்டைக்கூட எடுக்காமல் வெளியே போய், விழுப்புரம் பஸ்ஸில் ஏறிவிட்டார். வண்டி பாதி பிரித்த நிலையில் நின்றது.

மதியம் சோறு போட்டு வைத்தேன். அவர் ஸ்பூனைத் தொடவில்லை. நான் குழம்பைப் பிசைந்து ஒரு உருண்டை எடுத்து நீட்டினேன். வாயைத் திறந்தார். மூன்று வாரத்தில் அன்றைக்குத்தான் ஊட்டவிட்டார். என் கையில் பெட்ரோல் வாடை போகவே இல்லை. தட்டு காலியாகும்வரை சாப்பிட்டார்.

7. கரீம் பாய் அறுத்துக் காட்டியது

வியாழக்கிழமை காலை கூலரைத் துணியில் சுற்றிக்கொண்டு விழுப்புரம் போனேன். அங்கே கரீம் பாய் லாரி ரேடியேட்டர்களுக்கு அடைப்பு எடுத்துப் பற்ற வைக்கிறவர். கவுண்டர் காலத்திலிருந்து பழக்கம். இதைச் சுத்தம் பண்ண வழி இருக்கிறதா என்று ஒருவரிடமாவது கேட்காமல் எனக்கு மனசு ஆறவில்லை.

அவர் வாங்கித் திருப்பிப் பார்த்தார். காதோரம் வைத்துக் குலுக்கினார்.

"மூணு தரம் கழுவுனேன் பாய்."

"முப்பது தரம் கழுவுனாலும் போவாதும்மா. இது லாரி ரேடியேட்டர் இல்ல, தொறந்து குச்சி வுட்டுக் குத்துறதுக்கு. உள்ள நூல் நூலா வழி. அதுக்குள்ள சுருள் சுருளாத் தகடு. ஒனக்கு இது இனிமே வேணுமா?"

"வேணாம்."

பாய் கூலரை வைஸில் மாட்டி ஹேக்ஸா பிளேடால் குறுக்கே அறுத்தார். பிளந்து என் பக்கம் திருப்பினார். உள்ளே பூ வேலை செய்த மாதிரி மெல்லிய அலுமினியத் தகடுகள். ஒவ்வொரு மடிப்பிலும் இரும்புத் தூள் மாவு மாதிரி அப்பிக்கொண்டிருந்தது.

"சூட்டப் புடிக்கணும்னு இப்டி மடிச்சி மடிச்சிச் செஞ்சிருக்கான். அதே மடிப்பு தூளயும் புடிச்சிக்கினு வுடமாட்டேங்குது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "சவரி தம்பிக்குக் கை எப்டிம்மா இருக்கு?" என்று கேட்டார். எனக்கு அங்கேயே உட்கார்ந்துவிடலாம் போல இருந்தது. டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்.

பஸ் ஸ்டாண்டில் நின்று, அறுத்த கூலரை ஒரு போட்டோ எடுத்து தினாவுக்கு அனுப்பினேன். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

சாயங்காலம் ஐந்து மணிக்கு தினா கடைக்கு வந்தார். டூட்டிச் சட்டையோடு வந்து நின்றார். வண்டியை ஏற்றிப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் கழற்றிய போல்ட்டுகளைக் கவரில் போட்டு எடுத்து வந்தேன்.

"வெய்ங்க அண்ணி" என்றார். சவரிக்கு எதிரில் பெஞ்சில் உட்கார்ந்தார். "நேத்து நாலு பேருக்குப் போன் போட்டேன்ணா. விஷயத்தச் சொன்னேன். நாலு பேருமே, கழுவி மாட்டு, ஒண்ணும் ஆவாது, ரேஸ வுட்டுடாதன்னாங்க. ஓடும்னு சொல்றதுக்கு ஊர்ல ஆள் நெறைய இருக்கு. ஓடாதுன்னு சொன்னது நீங்க ரெண்டு பேருதான்."

சவரி தலையைக் குனிந்துகொண்டார்.

"எனக்கு இன்னும் கோவம் இருக்குதுண்ணா. பொய் சொல்லல. ரெண்டு நாளு அந்த வண்டியில படுத்துப் படுத்துத் திரும்புனத நெனச்சா ஒடம்பு நடுங்குது. ஆனா வண்டி இங்கயே இருக்கட்டும். ஹெட்ட நீங்களே தொறங்க."

"என்னால முடியாதே தினா."

"அண்ணி தொறப்பாங்க இல்ல?"

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"தொறக்குறேன்" என்றேன்.

8. அதற்குப் பிறகு

ஹெட்டைத் திறக்க எனக்கு ஒன்பது நாள் ஆயிற்று. அவராக இருந்தால் ஒரு மதியத்தில் முடித்திருப்பார். ஒவ்வொரு போல்ட்டுக்கும் மூன்று தரம் கேட்டேன். ஒரு தரம்கூட அவர் சலித்துக்கொள்ளவில்லை. கேம்ஷாஃப்ட் உட்காரும் இடத்தில் நகத்தால் கீறிய மாதிரி கோடுகள் விழுந்திருந்தன. விரல் நுனியை வைத்தால் தட்டுப்பட்டது. சவரி இடது கை விரலால் அதைத் தடவிப் பார்த்தார். "இன்னொரு ரேஸ் தாங்கியிருக்காது" என்றார். அன்றைக்கு இருவரும் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம்.

புது ஹெட், புதுக் கூலர், புது ஹோஸ் எல்லாம் போட்டோம். அடுத்த மாத ரேஸுக்கு நாங்கள் இருவரும் ட்ராக்குக்குப் போனோம். வேகவைத்த மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஒரு பை நிறையக் கொண்டுபோயிருந்தேன், ஒன்றைக்கூட உரிக்கத் தோன்றவில்லை. வண்டிகள் நேர் ரோட்டில் வரும்போதெல்லாம் சவரி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வார், போனதும் விடுவார். பத்துச் சுற்றும் அப்படித்தான்.

தினா பதினோராவதாக வந்தார். ஹெல்மெட்டைக் கழற்றியதும் எத்தனையாவது என்றுகூடக் கேட்கவில்லை. "சத்தம் சுத்தமா இருந்துது அண்ணி" என்றார். நான் ஃபேரிங்கைக் கழற்றி கூலரைச் சுற்றித் துணியால் துடைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டும் இல்லை.

பிறகு நான் விழுப்புரம் கடைக்குத் திரும்பிப் போகவே இல்லை. சவரியின் கை ஆறிவிட்டது. மிச்சமிருக்கும் விரல்களோடு ட்யூனிங் எல்லாம் அவரே செய்கிறார். கழற்றி மாட்டுவதெல்லாம் நான். எழுதுவது மட்டும் பழையபடி வரவில்லை. பார்ட்ஸ் சீட்டை இப்போது அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுகிறேன். கடைசியில், "வேற எதுனா வுட்டுட்டனா லூர்து?" என்று கேட்பார். நான் யோசித்துவிட்டுத்தான் பதில் சொல்வேன்.

9. டீச்சரின் ஸ்கூட்டர்

இதோடு முடித்தால் தப்பெல்லாம் அவர் செய்தார், சரியெல்லாம் நான் செய்தேன் என்று ஆகிவிடும். அது உண்மை இல்லை.

போன வருஷம் வல்லத்திலிருந்து ஒரு டீச்சர் ஸ்கூட்டரை ஆயில் மாற்ற விட்டுப் போனார். ட்ரெயின் போல்ட்டை நான் அளவுக்கு மீறி இறுக்கிவிட்டேன். "கிறுக்" என்று கைக்குத் தெரிந்தது. உள்ளே போல்ட்டைப் பிடிக்கிற மரை போய்விட்டது. யாரும் பார்க்கவில்லை. சவரி வெளியே ஒரு வண்டியில் இருந்தார். கொஞ்சம் பசை வைத்து அடைத்துக் கொடுத்திருந்தால் ஆறு மாதம் ஓடியிருக்கும். பிறகு எங்கேயோ சொட்டும், வேறு யாரோ கழற்றும்போது போனது என்று ஆகியிருக்கும்.

பத்து நிமிஷம் அந்த ஸ்கூட்டர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு ஸ்டூலில் சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தவருக்கு நெஞ்சு எப்படி அடித்திருக்கும் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நான் ஏதோ பெரிய நியாயம் பேசிய மாதிரி அத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். கஷ்டமான பாதியை அவர்தான் செய்திருக்கிறார்.

போனை எடுத்தேன். "டீச்சர், ஒங்க வண்டியில நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன். போல்ட்ட ஓவரா டைட் பண்ணி மரை போயிடிச்சி. புது மரை போட்டுத்தான் குடுக்கணும். இன்னிக்கிக் குடுக்க முடியாது."

அந்தப் பக்கம் பள்ளிக்கூடத்து இரைச்சல் மட்டும் கேட்டது.

"சரிம்மா. எப்ப ரெடியாவும்?"

"நாளைக்கி சாயங்காலம் டீச்சர்."

"அப்ப நாளைக்கி பஸ்ல போய்க்கிறேன். பாத்துப் பொறுமையாவே செய்யி."

போனை வைத்துவிட்டுத் திரும்பினால் சவரி வாசலில் நின்றிருந்தார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

"இன்னா சொன்னாங்க?"

"பஸ்ல போய்க்கிறாங்களாம்."

தலையை ஆட்டிவிட்டு, மரை வெட்டும் டேப்பைத் தேடி எடுத்து என் கையில் வைத்தார்.

வேலைக்கு வருகிற பெண்களுக்கு நான் சொல்வது இவ்வளவுதான். ஸ்பானர் பிடிக்கிற விதத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொள்ளலாம். கழற்றிய பிறகு உள்ளே பார்த்ததை வண்டிக்காரரிடம் அப்படியே சொல்லப் பழகுவதற்குத்தான் நாளாகும். அது உங்கள் கையால் நேர்ந்ததாக இருந்தால் இன்னும் கொஞ்சம் நாளாகும். சிலர் கோபப்படுவார்கள். ஒன்றிரண்டு பேர் வராமலும் போவார்கள். ஆனால் முக்கால்வாசிப் பேர், எப்போது ரெடியாகும் என்றுதான் கேட்கிறார்கள்.